உங்களுக்கு மட்டும் தெரிந்ததை முதலில் சொல்லுங்கள்

மலேசியாவில் ஒரு வீட்டில் ஐசி என்ற அடையாள அட்டை இல்லாதவரோ, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குரிய சிவப்பு ஐசியோடு காலம் தள்ளுபவரோ ஒருவர் இருந்தால், அக்கம்பக்கத்தார் சொல்லும் முதல் யோசனை, “ஜேபிஎன்னுக்குப் போய்க் கேட்டுப் பாருங்களேன்” என்பதுதான். போகலாம். அந்தத் தேசியப் பதிவிலாகாவின் கவுன்டரில் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. எங்கே பிறந்தார்? எப்போது பிறந்தார்? அதற்கு என்ன சான்று? மூன்றுக்கும் பதில் ஒரே ஆளிடம் இருந்திருந்தால் அவர் இத்தனை வருஷம் காத்திருந்திருக்க மாட்டார். பதில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். அத்தை ஒருத்தியின் ஞாபகத்தில் கொஞ்சம், பழைய பள்ளிக்கூடத்து அலமாரியில் கொஞ்சம், கோயில் தலைவர் வீட்டுப் பரணில் கொஞ்சம்.

அதைத் தேடிச் சேர்க்க நாலைந்து பேர் வேண்டும். ஆனால் நாலைந்து பேர் கூடித் தேடுவது எப்படி என்பதை நமக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தருவதில்லை. தேர்வு எழுதும்போதும் தனி, வேலைக்கு நேர்முகம் போகும்போதும் தனி. அப்படி வளர்ந்தவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து “சேர்ந்து கண்டுபிடியுங்கள்” என்றால் என்ன நடக்கும்? எல்லோரும் பேசுவார்கள், ஒன்றும் கிடைக்காது.

நான் ரயில்வே ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன். கேட்ட ஃபைலை எடுத்துக் கொடுப்பதும், காணாமல் போன ஃபைலைத் தேடுவதுமாகவே உத்தியோகம் கழிந்தது. ஓய்வுக்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இருக்கும் சில இளையவர்களோடு சேர்ந்து, பத்திரம் இல்லாதவர்களுக்குத் தாள் தேடிக் கொடுத்து வருகிறேன். அந்த வேலை எனக்குக் கற்றுத் தந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். உங்களில் பலர் ஐசி தேடப்போவதில்லை. ஆனாலும் இது உங்களுக்கு வேண்டும். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாள் ஏன் தொலைந்தது

முதலில் நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பால்மரத் தோட்டங்களில் பிள்ளை பிறந்தால் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பதிய வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன், “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று விட்டிருப்பார். அந்த அடுத்த வாரம் சில வீடுகளில் வரவே இல்லை.

பிறகு தோட்டமே இல்லாமல் போயிற்று. இன்றைய சுபாங் ஜெயா ஒரு காலத்தில் சீஃபீல்ட் தோட்டம். 1998இல் காமன்வெல்த் விளையாட்டு நடந்த புக்கிட் ஜாலில் பால்மரக் காடாக இருந்த இடம். தொழிலாளர் லயம் இடிந்தது, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகை போயிற்று, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எழுதிய நோட்டுப் புத்தகம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. குடும்பங்கள் கம்பத்துப் பலகை வீட்டுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிக்கும் மாறின. ஒவ்வொரு வீடு மாறும்போதும் ஒரு தகரப் பெட்டி குறைந்தது.

2011 பிப்ரவரியில் அரசாங்கம் ‘மைடஃப்தார்’ என்று ஓர் இயக்கம் நடத்தியது. பத்திரம் இல்லாத இந்தியர்கள் நாடெங்கும் வரிசையில் வந்து நின்றார்கள். அதற்குப் பின்னும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள், அந்தந்த ஊர் ஆட்களையே சட்ட உதவியாளர்களாகப் பழக்கி இந்த வேலையைச் செய்துவருகின்றன. நாங்கள் அந்த அளவுக்குப் பெரிய ஆட்கள் இல்லை. ஒரு மாமாக் கடை மேசையில் அடங்கிவிடுகிற கூட்டம்.

கேள்வியைச் சுருக்குங்கள்

காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஓர் அம்மா. கையில் சிவப்பு ஐசி. அதில் பிறந்த வருஷம் 1963. தகப்பனார் பல வருஷம் கழித்து ஐசிக்குப் பதிந்தபோது யாரோ குத்துமதிப்பாகச் சொன்ன வருஷம் அது. அந்த அம்மாவுக்கே அதில் நம்பிக்கை இல்லை. “அப்பாவுக்குத் தேதியெல்லாம் தெரியாதுங்க” என்றார்.

எங்கள் பிள்ளைகள் முதல் நாள் எழுதிவைத்த குறிக்கோள், “இவருக்குக் குடிமக்களுக்குரிய நீல ஐசி கிடைக்க உதவ வேண்டும்.” நல்ல மனசு. ஆனால் அதை வைத்துக்கொண்டு எந்த அலமாரியைத் திறப்பது? வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் எங்களோடு இருக்கிறான். அவன்தான் சட்டத்தை எடுத்து வைத்தான்.

மலாயா சுதந்திரம் அடைந்தது 1957 ஆகஸ்ட் 31. அன்று தொடங்கி 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர்கள், தூதரகத்தார் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் யாராக இருந்தாலும் சட்டப்படி குடிமக்கள். 1962 அக்டோபர் 1 முதல் விதி மாறிற்று. இங்கே பிறந்தால் மட்டும் போதாது, பொதுவாகத் தாய் தகப்பனில் ஒருவராவது குடியுரிமையோ நிரந்தர வசிப்போ உள்ளவராக இருக்க வேண்டும் என்றானது. அதாவது செப்டம்பர் 30 இரவு பிறந்த பிள்ளைக்கு ஒரு விதி, விடிந்து பிறந்த பிள்ளைக்கு வேறு விதி.

இது தெரிந்ததும் எங்கள் கேள்வி ஒரு வரியாகச் சுருங்கியது. ‘இந்த அம்மா 1962 அக்டோபர் 1க்கு முன்னால், இந்த நாட்டில் பிறந்தவரா?’ அவ்வளவுதான். இனி இந்தக் கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல உதவாத எதையும் தேடி அலைய வேண்டியதில்லை.

கூட்டமாகத் தேடுபவர்கள் முதலில் செய்யவேண்டியது இதுதான். கேள்வியை ஒரு தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி நடுவில் வையுங்கள். எழுதாவிட்டால் ஐந்து பேரும் ஐந்து வேறு கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள், ஒரே வேலையைச் செய்வதாக நினைத்துக்கொண்டு.

கதவைப் பார்த்து ஆளை அனுப்புங்கள்

அடுத்தது வேலையைப் பங்கிடுவது. “ஆளுக்கு ரெண்டு இடம்” என்று சமமாகப் பிரிப்பது சுலபம். அப்படிப் பிரித்தால் எவன் எங்கே போனாலும் வெளியாள்தான். எந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

எங்களில் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை உண்டு. பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் அவர் கேட்டால் காரியம் நடக்கும். ஒரு லாரி டிரைவர் தம்பி. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். பால்வெட்டிய பாட்டிகளோடு திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொடுத்தே விஷயம் வாங்கிவிடுவான். வக்கீல் ஆபீஸ் தம்பிக்கு மலாய்ப் பாரமும் சட்டமும் அத்துப்படி. எனக்குப் பழைய கிராணிகளின் கையெழுத்தைப் படிக்கத் தெரியும். ஒரு காலேஜ் பெண் இருந்தாள். அவள் எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. “இவ நோட்டு எழுதட்டும்” என்று விட்டுவிட்டார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வயசானவர்களைக் கேட்கப் போகும்போது கூட்டமாகப் போகாதீர்கள். ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் பாட்டி நம் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். “அறுபத்தி ரெண்டுதானே பாட்டி?” என்று கேட்டால், “ஆமாய்யா, அறுபத்தி ரெண்டுதான்” என்பார். “அறுபத்தஞ்சா?” என்றால் அதற்கும் ஆமாம். நம் மனசு நோகக்கூடாதே என்று சொல்வார். ஆகவே வருஷத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். ஜப்பான்காரன் போன பிறகா, துங்கு சுதந்திரம் வாங்கின பிறகா, கோலாலம்பூரை முழுக்கடித்த 1971 ஜனவரி வெள்ளத்துக்கு முன்னாலா பின்னாலா? அப்போது கைப்பிள்ளை யார், பள்ளிக்கூடம் போன பிள்ளை யார்? தோட்டத்து மனிதர்களின் நாள்காட்டி அப்படித்தான் இருக்கும்.

அக்கா தங்கை இரண்டு பேர் இருந்தால் தனித்தனியாக, வேறு வேறு ஆள் போய்க் கேளுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் கேட்டுவிட்டால் இரண்டு சாட்சி ஒன்றாகிவிடும். 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியல் அறிஞர் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார். கோடுகளைக் காட்டி எந்த இரண்டு சம நீளம் என்று கேட்பது, குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் மற்றவர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொன்னபோது, உண்மையாகவே சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒருமுறையாவது அவர்களோடு சேர்ந்து தப்பாகவே சொன்னார்கள். கண்ணெதிரே இருக்கும் கோட்டுக்கே இந்தக் கதி என்றால், ஐம்பது அறுபது வருஷத்துக்கு முந்தின ஞாபகத்துக்கு என்ன கதி?

எல்லோருக்கும் தெரிந்ததைப் பேசும் சுகம்

எல்லோரும் போய்வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் கூடினோம். தே தாரிக் வந்தது. பேச்சு போலீஸ் ஸ்டேஷன் பதிவேட்டில் தொடங்கியது. அந்த விஷயம் எல்லோருக்கும் தெரியும், ஆகையால் எல்லோரும் பேசினார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஆமோதிக்க, அவர் சொன்னதை முதலாமவர் ஆமோதிக்க, கண்ணாடி டம்ளர் காலியாகும்வரை அதே பேச்சு. புதிதாக ஒரு சொல்கூட மேசைக்கு வரவில்லை. ஆனால் எல்லோருக்கும் நிறைய வேலை செய்த திருப்தி.

இது நம் ஆட்களுக்கு மட்டும் உள்ள குணமில்லை. கேரல்ட் ஸ்டாசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தி எடுத்துச் சொன்னாள். மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்கள். நால்வர் கொண்ட குழுக்கள் பேசி, தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாத் தகவலையும் எல்லோருக்கும் கொடுத்தபோது பெரும்பாலான குழுக்கள் சரியான ஆளையே தேர்ந்தெடுத்தன. அதே தகவலை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து, சிறந்த வேட்பாளரின் நல்ல அம்சங்கள் ஒவ்வொன்றும் ஒருவரிடம் மட்டும் இருக்கும்படி செய்தபோது பெரும்பாலான குழுக்கள் தவறவிட்டன. நால்வரும் தங்களிடம் இருந்ததை மேசையில் கொட்டியிருந்தால் விடை அங்கேயே இருந்தது. அவர்களோ எல்லோருக்கும் பொதுவாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசினார்கள்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று நம் பாட்டிகள் சொன்னார்களே, அதுதான். வெண்ணெய் யார் கையில் இருக்கிறது என்பது கூட்டத்துக்குத் தெரியாது என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஏன் அப்படி? பொதுவாகத் தெரிந்ததைச் சொன்னால் நாலு பேர் தலையாட்டுவார்கள். எனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். “அப்படியா? யார் சொன்னது?” என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைக்கு அது சங்கடம். பேசாமல் இருந்துவிடும்.

அன்றைக்கு நோட்டு எழுதிக்கொண்டிருந்த காலேஜ் பெண்ணிடம், “ஏம்மா, உன்கிட்ட என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“பெரிசா ஒண்ணுமில்ல தாத்தா. எங்க பாட்டி பக்கத்துத் தோட்டம். எங்க பெரியம்மாவும் இந்த அம்மாவும் ஒரே பள்ளிக்கூடமாம். கலவரத்துக்குப் பள்ளிக்கூடம் மூடினாங்க இல்லையா, அப்ப ரெண்டு பேரும் முதல் வகுப்பாம். இது எதுக்கு ஆகப்போகுதுன்னு சொல்லல.”

மேசையில் பேச்சு நின்றது. கலவரம் என்றால் 1969 மே 13. அந்த வருஷம் முதல் வகுப்பு என்றால் ஜனவரியில் சேர்ந்தவர். நம் நாட்டில் ஏழு வயதை எட்டும் வருஷத்தில்தான் முதல் வகுப்பு. அப்படியானால் பிறந்தது 1962. தோட்டத்தில் பிள்ளைகளை ஒரு வருஷம் தாமதமாகச் சேர்ப்பதுண்டு; அப்படியே இருந்தாலும் 1961 ஆகுமே தவிர 1963 ஆகாது.

மிச்சம் இருந்தது மாதம். 1962 செப்டம்பருக்குப் பிறகு பிறந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும். அப்போதுதான் லாரி டிரைவர் தம்பி தொண்டையைச் செருமினான். “கூட பால்வெட்டின பாட்டி ஒண்ணு சொன்னுச்சு. தீமிதி முடிஞ்சு மூணாம் நாள் பொறந்த பிள்ளையாம். அதான் அம்மன் பேரு வெச்சாங்களாம். திருவிழாக் கதைதானேன்னு நான் எழுதல.” அந்தத் தோட்டத்தில் தீமிதி ஆடியில். ஆடி என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை.

இரண்டு பேரிடம் இரண்டு துண்டு. இரண்டு பேருமே தன்னிடம் இருப்பது உதவாது என்று நினைத்தார்கள். ஒன்று வருஷத்தைச் சொன்னது, மற்றது மாதத்தைச் சொன்னது. அதன் பிறகுதான் ஆசிரியை எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாயிற்று. பள்ளிக்கூடம் இடம் மாறியிருந்தது. நல்ல வேளையாகப் பதிவேடுகளும் கூடவே போயிருந்தன. 1969 சேர்க்கைப் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயர் இருந்தது, ஐசியில் இல்லாத வேறொரு எழுத்துக்கூட்டலில்.

அன்றுமுதல் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். வயசில் சின்னவர் முதலில் பேசுவார். “எல்லோருக்கும் தெரியாத ஒன்று” என்று தொடங்கித்தான் பேச வேண்டும். நான் கடைசி. பெரியவன் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் தங்கள் கையில் உள்ளதை என் கருத்துக்கு ஏற்ற மாதிரி கத்தரித்துவிடுவார்கள்.

கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள்

எந்தத் தேடலிலும் காதில் விழும் ஆபத்தான பேச்சு, “அங்கே ஏற்கெனவே பார்த்தாச்சு, இல்லை.” யார் பார்த்தது? எந்தப் பெயரில்? எந்த வருஷத்தில்? அந்த அம்மாவின் குடும்பத்தார் பிறப்புப் பதிவைத் தேடியது உண்மை. ஐசியில் 1963 என்று இருந்ததால் 1963இல் மட்டும் தேடியிருந்தார்கள். நாங்கள் 1961க்கும் 1962க்கும் விண்ணப்பித்துத் தேடச் சொன்னோம். அதிலும் இல்லை. ஆனால் இந்த ‘இல்லை’ வேறு. இதற்குமேல் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம் என்று சொல்லும் ‘இல்லை’.

2009 ஜூன் 1 அன்று, ரியோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேரோடு அட்லாண்டிக் கடலில் விழுந்தது. கறுப்புப் பெட்டி எழுப்பும் ஒலியைக் கேட்கும் கருவியோடு கப்பல்கள் தேடின, ஒலி கேட்கவில்லை. ஆகவே ‘அந்தப் பகுதியில் இல்லை’ என்று கழித்துவிட்டு வேறு பகுதிகளில் தேடினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் போயிற்று. பிறகு மெட்ரான் என்ற நிறுவனத்தின் கணித அறிஞர்கள் பழைய தேடல்களை எல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி கணக்கிட்டார்கள். ஒலி எழுப்பும் கருவிகளே பழுதாகியிருந்தால்? அப்படி வைத்துப் பார்த்தபோது, முதலில் கழித்துவிட்ட பகுதியே மறுபடி முன்னுக்கு வந்தது. 2011 ஏப்ரலில், தேடத் தொடங்கிய சில நாளிலேயே, விமானம் கடைசியாக இருந்ததாகத் தெரிந்த இடத்துக்கு அருகில், கிட்டத்தட்ட நாலு கிலோமீட்டர் ஆழத்தில் கண்டெடுத்தார்கள். முதல் தேடலில் எங்கே, எந்தக் கருவியால், எப்படிப் பார்த்தோம் என்று எழுதிவைத்திருந்ததால்தான் அதைத் திருத்த முடிந்தது. வெறும் ‘இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது இன்றும் கடலடியில்தான் கிடந்திருக்கும்.

எங்களிடம் இருப்பது பள்ளிக்கூடத்துக் கோடுபோட்ட நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தில் ஆசிரியை எழுதியதைச் சொல்கிறேன்: ‘பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 1968, 1969, 1970. பெயரை மூன்று எழுத்துக்கூட்டலில் பார்த்தேன். 1969இல் கிடைத்தது. 1970 புத்தகத்தில் இரண்டு பக்கம் கரையான் அரித்தது. அந்த இரண்டையும் பார்க்க முடியவில்லை.’ அந்தக் கடைசி வரியை எழுதத் தெரிந்தவரை எந்த வேலைக்கும் நம்பி அனுப்பலாம்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. முனியாண்டி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒரு கிராணி ‘ஐ’ போட்டு முடித்திருப்பார், இன்னொருவர் ‘ஒய்’ போட்டிருப்பார், மூன்றாமவர் நடுவில் ஓர் எழுத்தை விழுங்கியிருப்பார். தேடும் முன் ஐந்து பேரும் உட்கார்ந்து, ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதலாம் என்று பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சாட்சி முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடாதீர்கள். அந்த அம்மாவின் அக்கா, தங்கை பிறந்தது தீபாவளிக்குக் கிட்ட என்றார். தீபாவளி என்றால் அக்டோபர் 1ஐத் தாண்டிவிடுகிறது. நம் கட்சிக்கு எதிர். அதையும் யார் சொன்னார், யார் கேட்டார் என்று எழுதினோம். பிறகு விசாரித்ததில் அக்கா சொன்னது கடைசித் தம்பியைப் பற்றி என்று தெரிந்தது. தெரியாமலே போயிருந்தாலும் அந்த வரி நோட்டில்தான் இருந்திருக்கும். நமக்குச் சாதகமானதை மட்டும் சேர்த்தால் அதற்குத் தேடல் என்று பெயரில்லை.

தாளே இல்லாத இடத்தில்

சில குடும்பங்களில் தேடல் வேறு இடத்தில் போய் முட்டும். “தாத்தாவைச் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க, அதோட வீட்டுக் கதை முடிஞ்சுது” என்பார்கள். 1942இலும் 1943இலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டியும், பிறகு வளைத்துப் பிடித்தும் நம் தோட்டத்து ஆட்களை ரயிலில் ஏற்றினார்கள். 60,000க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் அங்கே வேலை செய்தார்கள். 12,000க்கும் மேல் இறந்தார்கள். காஞ்சனாபுரிப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட 7,000 பேர் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு, தமிழர்கள் ஏராளம். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது.

பட்டியல் இல்லாத இடத்தில் எப்படித் தேடுவது? மற்றவர் பெட்டியில் தேட வேண்டும். மலாயாத் தோட்டத்தில் டாக்டராக இருந்து போர்க் கைதியான ராபர்ட் ஹார்டி அங்கே ரகசியமாக நாட்குறிப்பு எழுதினார். 1983இல் அது நூலாக வந்தது. அதில் நம் ஆட்கள் பட்ட பாடு பதிவாகியிருக்கிறது. இங்கே ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்றும், அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ என்றும் நாவல் எழுதினார்கள். தப்பி வந்தவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொன்ன கதைகளைச் சின்னச் சின்னக் குழுக்கள் ஒலிப்பதிவு செய்தன. ஒரு குடும்பத்துக்கு அவர்கள் தாத்தாவின் பெயர் இதிலெல்லாம் கிடைக்காமல் போகலாம். ஆனால் எந்தத் தோட்டத்திலிருந்து எப்போது ஆள் போனது என்பது தெரிந்தால், பாட்டி ஏன் வேறு தோட்டத்துக்குப் பிழைக்கப் போனார், பிள்ளைகளுக்கு ஏன் பதிவில்லை என்பதற்குக் காரணம் விளங்கும். 1948இல் அவசரகாலம் வந்தபோது நாடெங்கும் முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தார்கள். பாட்டியின் அந்தப் பழைய அட்டை எங்கே என்று தேட, அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்பது வழி காட்டும்.

வாட்ஸ்அப்பும் நோட்டுப் புத்தகமும்

இன்றைய பிள்ளைகள் முதலில் செய்வது ஒரு வாட்ஸ்அப் குழு திறப்பது. திறங்கள். சந்திக்கும் நேரத்தைச் சொல்ல அது போதும். தேடியதை அதில் எழுதினால் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே தொலைந்துவிடும். மூன்று வாரம் கழித்து, “யார் அந்தக் கோயில் தலைவரைப் பார்த்தது?” என்று கேட்டு, பார்த்தவரையே மறுபடி போய்ப் பார்ப்பீர்கள். வயசானவருக்கு அது அலுப்பு. இரண்டாம் தடவை கதவு பாதிதான் திறக்கும். நோட்டு ஒன்றே ஒன்று, அதற்குப் பொறுப்பு ஒரே ஆள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்தவர் ஐசியை, பிறப்புப் பத்திரத்தைப் படம் பிடித்துக் குழுவில் போடாதீர்கள். அது அவர்கள் வாழ்க்கை. அசல் தாள் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. நமக்கு வேண்டியது அதில் உள்ள நாலு வரி; அதை அவர்கள் முன்னாலேயே எழுதிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுங்கள்.

அந்த அம்மாவின் விண்ணப்பம் பள்ளிப் பதிவேட்டின் நகலோடும் இரண்டு பேரின் சத்தியப் பிரமாணத்தோடும் போயிருக்கிறது. முடிவு சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்கள். கேட்ட கேள்விக்கு நேர்மையாகத் தேடி, தேடிய விதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அத்தோடு எங்கள் வேலை முடிந்தது.

உங்களுக்கு இது எதற்கு

இனி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது. உங்கள் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் சின்னக் கூட்டத்தில்தான் நடக்கும். அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை செய்யலாமா என்று நாலு பேர் வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுவீர்கள். மூத்த மகன் ஆஸ்பத்திரிச் செலவைப் பற்றிப் பேசுவான், அதைப் பற்றியே எல்லோரும் பேசுவீர்கள். அப்பாவுக்குத் தினமும் மருந்து எடுத்துக் கொடுக்கும் மருமகளுக்கு மட்டும் ஒரு விஷயம் தெரியும்: மாமா ஒரு மாதமாக ராத்திரி மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறார். அவள் சமையல்கட்டில் நிற்பாள். யாரும் கேட்க மாட்டார்கள். அவளும் பெரியவர்கள் பேச்சில் நமக்கென்ன என்று இருந்துவிடுவாள். அப்பாவைப் பற்றி மிக முக்கியமான தகவல் இல்லாமலேயே குடும்பம் முடிவெடுத்துவிடும். ஆபீசில் புது வேலை எடுக்கும்போதும், தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும், சங்கத்துக்குக் கணக்குப் பார்க்கும்போதும் இதேதான் நடக்கும்.

நீங்கள் இளையவர் என்றால், உங்களிடம் இருப்பது சின்ன விஷயம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். அது பெரிதா சின்னதா என்பது மற்றவரின் துண்டோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். “எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணு இருக்கு” என்று வாயைத் திறங்கள். நாளைக்கு நீங்களே அந்த மேசையில் பெரியவராக உட்காருவீர்கள். அப்போது கடைசியில் பேசுங்கள். அதற்கு முன்னால் சமையல்கட்டில் நிற்பவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, “உன்கிட்ட என்ன இருக்கும்மா?” என்று கேளுங்கள்.